பின் அறை ஜன்னல்

பரளச்சி
13.6.2025

மதினிக்கு,

காளி எழுதுகிறேன். நீங்கள் சௌக்கியமாக இருப்பது வேன் ஓட்டும் சங்கரபாண்டியன் அண்ணன் மூலம் தெரியும். முன் அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறீர்களாம், பின் அறைக்குத் திரை போட்டிருக்கிறீர்களாம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விடுவதாக இல்லை.

உங்கள் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்த ஐந்து வருஷம் உங்களை ‘மேடம்’ என்று கூப்பிட்டேன். சொந்தத் தாய்மாமன் மகளை மேடம் என்று கூப்பிட எனக்கு வாயே வராது. வேலையை விட்டு அனுப்பியதில் கிடைத்த ஒரே நன்மை, மறுபடியும் மதினி என்று எழுத முடிவதுதான்.

ஒரு மாதமாகப் போன் போட்டுப் பார்க்கிறேன். மணியே அடிக்காமல் நின்றுவிடுகிறது. என் மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, “யம்மா, அத்த ஒன்னய பிளாக் பண்ணிட்டாக” என்றாள். பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் தபால்.

மே 12ஆம் தேதி ஆய்வுக்கு வந்த அதிகாரி பின் அறைக்குள் நுழைந்தார். ஜன்னல் கம்பியில் கட்டிய பட்டை இடுப்பைச் சுற்றியிருக்க, மூன்று வயசுப் பாலமணிகண்டன் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் நீங்கள் ஒரு தாளை நீட்டினீர்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் நானே அன்று ஒரு நாள் குழந்தையைக் கட்டினேன் என்று டைப் அடித்திருந்தது. “போடு காளி, லைசென்ஸு புதுப்பிக்கிற வரைக்கும்தான். ஒரு மாசத்துல நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றீர்கள். மாமன் மகள் கேட்கிறாளே என்று கையெழுத்துப் போட்டேன். பேனாவும் நீங்கள் கொடுத்ததுதான்.

அன்று சாயங்காலமே பெற்றோர் குரூப்பில் என் படம் வந்துவிட்டது. குழந்தையைக் கட்டிவைத்ததால் நீக்கப்பட்டவர் என்று எழுதி. அது ஆண்டு விழாவில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம், மதினி. உங்களை வெட்டி எடுத்துவிட்டீர்கள், ஆனால் சரியாக வெட்டவில்லை. என் தோளில் உங்கள் கை மட்டும் மிச்சம் இருக்கிறது.

நீங்கள் சொன்ன ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. வருவீர்களா, மாட்டீர்களா?

காளீஸ்வரி

அருப்புக்கோட்டை
16.6.2025

அன்புள்ள காளி,

உன் கடிதம் கிடைத்து அழுதுவிட்டேன். நீ நம்ப மாட்டாய், பரவாயில்லை.

உன் நம்பரை பிளாக் பண்ண வைத்தது நான் இல்லை, வக்கீல். போனில் பேசினால் பதிவாகும், வாட்ஸ்அப்பில் எழுதினால் படம் பிடித்து வைப்பார்கள் என்று பயமுறுத்துகிறார். தாள் என்றால் கிழித்துப் போட்டால் போயிற்று. இதைச் சங்கரபாண்டியனிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

ஜூலை 4, வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு விசாரணை. உனக்கும் கடிதம் வரும். தாளில் இருப்பதையே நேரில் சொல்லிவிட்டால் உரிமம் புதுப்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உன்னை யார் தடுக்க முடியும்? வேறு பதவியில், சமையல் பொறுப்பு என்று போட்டு எடுத்துக்கொள்கிறேன். படம் போட்டது எனக்கே பிடிக்கவில்லை. தாய்மார்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று கத்தினார்கள். யாரையாவது காட்டாமல் அவர்கள் போக மாட்டேன் என்றார்கள்.

ஒன்று மட்டும் யோசி. நம் இரண்டு பேரையும் ஒரே பழைய சேலையால் கட்டில் காலில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் உன் அம்மாவும் என் அம்மாவும் மல்லிக் காட்டுக்குப் போவார்கள். கிணறு பக்கத்தில் இருந்தது, வேறு என்ன செய்வார்கள்? நாம் என்ன கெட்டா போனோம்? அந்த அதிகாரி மெட்ராஸ் பக்கம். அவருக்கு இதெல்லாம் எங்கே புரியும்? ஏதோ கொலை செய்துவிட்டது போல எழுதிக்கொண்டு போனார்.

இன்னும் பதினெட்டு நாள் பொறுத்துக்கொள். உன் மகளுக்கு ஒரு பாவாடை சட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் மதினி
முருகலட்சுமி

பரளச்சி
19.6.2025

மதினிக்கு,

பாவாடை சட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை.

கட்டில் காலை ஞாபகப்படுத்தினீர்கள். சரி, முதலில் கட்டியது நான்தான், மறைக்கவில்லை. போன வருஷம் ஆவணியில், இன்னொரு ஆயா வராத நாள். இருபது பிள்ளைகளுக்கு உரிமம் வாங்கிவிட்டு முப்பத்தொரு பிள்ளைகளைச் சேர்த்திருந்தீர்கள், நான் ஒருத்தி. பாலமணிகண்டன் கொதிக்கிற சாம்பார் குண்டாவைப் பார்த்து ஓடினான். கையில் கிடைத்த பழைய சேலையைக் கிழித்து அவன் இடுப்பில் சுற்றி ஜன்னலில் கட்டினேன். பத்து நிமிஷம். நம் ஊரில் பார்த்தது, அதனால் தப்பு என்றே தோன்றவில்லை. அது என் தப்புதான்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். “நல்லாத்தான் இருக்கு காளி, வேல ஓடுது” என்றீர்கள். அடுத்த திங்கட்கிழமை தையல்காரரிடம் தைத்து வாங்கிய ஆறு பட்டைகள் வந்தன, நுனியில் கொக்கி வைத்து. அதற்கு ‘பெல்ட்டு’ என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். பத்து நிமிஷம் போய் பத்து மணியிலிருந்து ஒரு மணி ஆனது. ஓடுகிற பிள்ளைக்குப் பெல்ட்டு, துப்புகிற பிள்ளைக்குப் பெல்ட்டு, மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும் பெல்ட்டு. ஒன்றுக்குப் போனால் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதே இடத்தில் தட்டை வைத்துச் சோறு கொடுத்தோம். முன் அறையில் கேமரா இருந்தது. மில்லில் வேலை பார்க்கிற தாய்மார்கள் போனில் பார்த்துவிட்டு மற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், “பின்னால தூங்குதுங்க” என்பீர்கள். அந்தக் கேமராவுக்கு நேர் கீழே, பிள்ளைகளை அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, பூட்டக் கூடாது என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்தது நான்.

இதில் நான் நல்லவள் இல்லை. ஆனால் ‘உரிமையாளருக்குத் தெரியாமல்’ என்றும் ‘ஒரு நாள்’ என்றும் எழுதினீர்களே, அந்த இரண்டு வார்த்தைதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

பாலமணிகண்டனின் அம்மா ஜக்கம்மாள் படத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறி வந்தாள். திட்டவில்லை. வாசலில் நின்றுகொண்டு, “உங்க வீட்டுப் பிள்ளன்னா கட்டுவீங்களாக்கா?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் கட்டுவோமே, அதுதானே நிஜம். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டாள்.

அவனை இன்னும் உங்களிடம்தான் விடுகிறாள். தப்பு செய்தவளைத் துரத்திவிட்டீர்கள் அல்லவா, அந்த நம்பிக்கை.

எனக்கு இரண்டே இரண்டு வேண்டும். என் படத்தை எடுங்கள். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

காளீஸ்வரி

அருப்புக்கோட்டை
23.6.2025

காளீஸ்வரிக்கு,

திரைக்குப் பின்னால் திரைதான் இருக்கிறது. என் கட்டடத்துக்குள் நடப்பதை இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வக்கீல் போன வாரம் ஆபீசில் கோப்பைப் பார்த்துவிட்டு வந்தார். பெயர் போடாமல் யாரோ எழுதிய புகார்தான் இத்தனைக்கும் ஆரம்பம் என்று முதலிலேயே தெரியும். பழைய ஆயா மேல் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டுக்காரி மேல் சந்தேகப்பட்டேன், பாவம் சங்கரபாண்டியன் மேல்கூடச் சந்தேகப்பட்டேன். வக்கீல் அதைப் பார்த்துச் சொன்னார், வருகைப் பதிவேட்டில் கிழித்த தாள், ஊதாக் கோடு போட்டது. ‘பிள்ளைகள்’ என்று எழுதும் இடத்தில் எல்லாம் கடைசிப் புள்ளியைப் பொட்டு மாதிரி வட்டமாகப் போட்டிருக்கிறது என்றார். அப்படிப் புள்ளி வைக்கிறவள் இந்தத் தாலுகாவில் ஒருத்திதான். அந்தப் பதிவேட்டை ஐந்து வருஷமாக நான் உன் கையில் கொடுத்திருந்தேன்.

உன் புருஷன் கருத்தப்பாண்டி கீழே விழுந்து கால் உடைந்து கிடந்தபோது உன் மகளை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஆயா வேலைக்குப் பயிற்சிச் சான்றிதழ் கேட்டபோது உன்னைத் திருச்சுழிக்கு அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டேன். என் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் கடிதம் எழுதியிருக்கிறாய். தாள் நீட்டியபோது ஒன்றும் தெரியாதவள் போலக் கையெழுத்துப் போட்டாயே, அந்த நடிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. மதினி மதினி என்று உருகி எழுதுகிறாய். எந்த வாயால்?

வெள்ளிக்கிழமை நீ என்ன சொன்னாலும் கையெழுத்து உன்னுடையது. முதலில் கட்டியது நீ. அதை நீயே எழுதியும் கொடுத்துவிட்டாய், கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் கிழிப்பதாக இல்லை.

முருகலட்சுமி

பரளச்சி
25.6.2025

மதினிக்கு,

ஆமாம், எழுதினது நான்தான்.

ஏப்ரலில் ஒரு நாள். காலைப் பாட்டு முடிந்து பத்து மணி. நான் பெல்ட்டை எடுக்கப் போகும் முன்பே பாலமணிகண்டன் தானாக எழுந்து பின் அறைக்கு நடந்தான். ஜன்னல் கம்பியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். இடுப்பில் பட்டை சுற்ற வசதியாக இரண்டு கையையும் மேலே தூக்கினான். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, தமிழில் நாலு வார்த்தை வருமோ என்னவோ. இதை மட்டும் சொல்லாமலே படித்திருந்தான். அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை.

நீங்கள் வாசல்படியில் நின்று பார்த்தீர்கள். “பாத்தியாடி, எம்புட்டு நல்ல பிள்ளையாயிட்டான்” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது. உங்கள் மேல் வருவதைவிட அதிகமாக.

அன்று வீட்டுக்கு வந்தால் என் கொழுந்தன் பெண்டாட்டி தன் ஒரு வயசுப் பிள்ளையை வேப்ப மரத்தில் கட்டிப்போட்டுப் பருத்தி மார் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை கத்திக்கொண்டு முடிச்சைப் பிடித்து இழுத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, மதினி. இழுக்கிறதே என்று. நம் அம்மாமார்கள் கட்டினார்கள், உண்மை. வந்ததும் அவிழ்த்துத் தூக்கினார்கள், நாமும் கத்தினோம். நாம் கட்டினது கத்தாத அளவுக்குக் கட்டினது. அதற்குத் துணையாகப் பேர்ப் பலகையும் உரிமமும் வேறு. கொழுந்தன் பெண்டாட்டியிடம் “அவுத்து விடு” என்றேன். “ஒங்க ஆபீசு ரூலெல்லாம் இங்க பேசாதீக மதினி” என்றாள். இரண்டு பேருக்கும் அன்றிலிருந்து பேச்சு இல்லை.

உங்களிடம் சொன்னேன். மறந்திருக்க மாட்டீர்கள். பெல்ட்டு வேண்டாம், இன்னொரு ஆளைப் போடுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, “மேடம் நானா நீயா?” என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் தாளைக் கிழித்தேன்.

அந்தப் புகாரை மறுபடி படிக்கச் சொல்லுங்கள் வக்கீலை. ‘அவர் கட்டுகிறார்’ என்று ஒரு இடத்திலும் இருக்காது. ‘நாங்கள் கட்டுகிறோம், வந்து நிறுத்துங்கள்’ என்றுதான் எழுதினேன். அதிகாரி வந்து நம் இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்துத் திட்டுவார், கூட ஒரு ஆளைப் போடச் சொல்வார், பிள்ளைகள் கூடத்துக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டது நடிப்பு இல்லை. புகார் எழுதிக் கொடுத்துவிட்டோமே, மதினிக்கு ஏதாவது ஈடு செய்வோம் என்றுதான் போட்டேன். ‘நாங்கள்’ என்று நான் எழுதியதில் உங்களை நீங்கள் வெட்டி எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியாது.

பெயர் போடாதது கோழைத்தனம். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதியதற்குக் கேட்க மாட்டேன்.

காளீஸ்வரி

அருப்புக்கோட்டை
28.6.2025

காளி,

இரண்டு நாள் உன் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். சண்டை போடத் தெம்பு இல்லை.

நீ மூன்று தடவை சொன்னாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் கையைத் தூக்கினதும் ஞாபகம் இருக்கிறது. அன்று எனக்கு அது நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தது. இப்போது எப்படித் தெரிகிறது என்று என்னைக் கேட்காதே.

பெல்ட்டு ஆறையும் மே மாதமே எரித்துவிட்டேன். திரைக்குப் பின்னால் பாய்தான் இருக்கிறது. நம்பு.

ஆனால் வெள்ளிக்கிழமை நீ எல்லாவற்றையும் சொன்னால் காப்பகத்தைப் பூட்டிவிடுவார்கள். பூட்டட்டும் என்றே வைத்துக்கொள். முப்பத்தொரு தாய்மார்கள் சனிக்கிழமை காலையில் பிள்ளையை எங்கே விடுவார்கள்? மில்லுக்குள் விட மாட்டான். பந்தல்குடி, நரிக்குடி என்று பஸ் ஏறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் தறிக் காலில் கட்டிவைத்துவிட்டுப் போவார்கள், அல்லது கதவைப் பூட்டிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ யாரைக் காப்பாற்றப் போகிறாய்?

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பரளச்சிக்காரர் எல்லாரிடமும் ‘எம் மக பள்ளிக்கூடம் நடத்துறா’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், மறந்துவிடாதே. படத்தை இன்று காலை எடுத்துவிட்டேன். நீ கேட்ட இரண்டில் ஒன்று. மற்றதை வந்து கண்ணால் பார்.

ஒரே ஒரு வார்த்தை. ‘தெரியாமல்’ என்பதை மட்டும் விட்டுக்கொடு. மற்றது எல்லாம் உன் இஷ்டம். இதுவரை எழுதின கடிதங்களையும் கிழித்துவிடு, கெஞ்சிக் கேட்கிறேன்.

முருகலட்சுமி

பரளச்சி
2.7.2025

மதினிக்கு,

படத்தை எடுத்ததற்கு நன்றி. நாற்பத்தாறு நாள் கழித்து எடுத்தீர்கள். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்காக அந்த ஒரு வார்த்தையை விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன். அதைச் சொல்ல முதலில் ஜக்கம்மாளிடம்தான் போக வேண்டும் என்று தோன்றியது. அவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால், அப்புறம் வெள்ளிக்கிழமை பொய் சொல்ல மனசு கூசாது என்று ஒரு கணக்கு. அப்படிக் கேவலமாகத்தான் யோசித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். நெசவாளர் தெருவில் ஒற்றை அறை வீடு, பக்கத்தில் விசைத்தறிச் சத்தம். ஜக்கம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது, ஆனால் உள்ளே வரச் சொன்னாள். பாலமணிகண்டன் தரையில் நூல் கண்டுகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

கண்டுகளை வைத்துவிட்டு எழுந்தான். தெருப் பக்கத்து ஜன்னலுக்கு நடந்தான். கம்பியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கினான்.

ஜக்கம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “ஞாயித்துக்கெழமையானா இதே வேலதான்க்கா. பத்து மணிக்குப் போயி உக்காந்துக்குவான். ஏதோ வெளையாடுறான்னு இருந்தேன்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “ஒரு நாள்தானக்கா கட்டுனீக? நீங்க எழுதிக் குடுத்ததா மேடம் காட்டுன பேப்பர்ல அப்பிடித்தான போட்டிருக்கு?”

இல்லை என்றேன். ஆவணியிலிருந்து என்றேன். யார் யார் என்று கேட்டாள். நானும் மதினியும் என்றேன்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தெனம் நாந்தானக்கா தலை சீவி, பவுடர் போட்டு, டிபன் கட்டி அங்க கொண்டாந்து விட்டேன்” என்று மட்டும் சொன்னாள். அதையே இரண்டு தடவை சொன்னாள்.

உங்கள் மூன்று கடிதங்களையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். நான்தான் முதலில் கட்டினேன் என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதில் இருக்கிறது, அது உண்மைதானே. கிழிப்பதா வேண்டாமா என்று சொல்ல உரிமை உள்ளவள் அவள்தான், நீங்களும் இல்லை, நானும் இல்லை. வெள்ளிக்கிழமை அவளும் வருகிறாள், லீவு சொல்லிவிட்டாள். காப்பகத்தைப் பூட்ட வேண்டாம், உங்கள் கையில் இல்லாமல் திறந்து வையுங்கள் என்று அதிகாரியிடம் கேட்கப் போகிறேன். கேட்பாரோ மாட்டாரோ. மாமாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், ஊரார் வாயில் கேட்க வேண்டாம்.

பெல்ட்டை எரித்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். ஆனால் நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “கைய எறக்கு ராசா, இனி கெடையாது” என்று எத்தனையோ தடவை சொன்னேன். ஜக்கம்மாள் அவர்கள் பாஷையில் சொன்னாள். அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கியபடியே இருந்தான், மதினி. கொக்கி மாட்டி முடிக்கும்வரை இறக்கக் கூடாது என்று நாம்தானே பழக்கியிருந்தோம்.

பத்தரை மணிக்கு வந்துவிடுவேன்.

காளீஸ்வரி